பனிவீடு நின்ற பொட்டல்

வேலாங்குளத்தில் பனி இறங்கியது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கரண்டு போன நேரத்தில். தீப்பெட்டி செய்கிற ஆபீசுகளுக்கென்றே வெயிலைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கிடக்கிற கரிசல் ஊர் அது. மழைகூட ஊர் எல்லையில் நின்று கேட்டுவிட்டுத்தான் வரும், பெரும்பாலும் அப்படியே திரும்பிப் போகும். அந்த ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் இருந்த சண்முகக்கனியின் பிரவுசிங் சென்டரில், சுவரோரத்துப் பழைய கம்ப்யூட்டர் அணைந்ததும், அதுவரை அதற்குள் இருந்த பனிக்கு இருக்க இடமில்லாமல் போய்விட்டது. அது கீபோர்டின் மேல் வழிந்து, நாற்காலிக் காலடியில் தேங்கி, ஜெராக்ஸ் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசல் படியில் இறங்கி, பின்னாலிருந்த பொட்டலில் போய் நின்றது. பனி நின்ற இடத்தில் வீடும் நின்றது.

சண்முகக்கனி முதலில் ஜெராக்ஸ் மெஷினில் இருந்த பேப்பரையெல்லாம் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். ஈரம் பட்டால் பேப்பர் சிக்கிக்கொள்ளும். அப்புறம்தான் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வீடு. மூன்று வருஷமாக மத்தியானம் தவறாமல் அதற்குள் போய்வந்துகொண்டிருந்தவள் அவள்.

அது ஒரு விளையாட்டில் இருந்த வீடு. கம்ப்யூட்டருக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் எந்தக் காலேஜ் பையனோ அந்த மெஷினில் ஏற்றிவிட்டுப் போனது. பிற்பாடு ஆளாளுக்குக் கையில் போன் வந்து, சென்டருக்கு ஜெராக்ஸ் எடுக்கவும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கவும், ஆன்லைனில் விண்ணப்பம் போடவும் மட்டும் ஆள் வந்தபோது, மத்தியான வேளைகளில் வெறுமையாக உட்கார்ந்திருந்த சண்முகக்கனி ஒருநாள் அதைத் திறந்துவிட்டாள். அதில் சுடுவதோ துரத்துவதோ கிடையாது, ஜெயித்தாய் தோற்றாய் என்று சொல்ல ஆளும் கிடையாது. துரைமார் பங்களா மாதிரி ஒரு பெரிய வீடு, சுற்றிலும் பனி, கையில் ஒரு விளக்கு. வீட்டில் ஆட்கள் இல்லை, ஆனால் இப்போதுதான் எழுந்து போனமாதிரி மேஜைமேல் கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருக்கும், ஊஞ்சல் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அறையும் பூட்டியிருக்கும். ஒரு படத்தைத் திருப்பினால், ஒரு கடிகாரத்து முள்ளைச் சரியான இடத்தில் வைத்தால், ஒரு இசைப்பெட்டியைச் சரியான வரிசையில் தட்டினால், ஏதோ ஓரிடத்தில் ஒரு சாவி கிடைக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் கிடைக்கும். அதுதான் அவளை அங்கே பிடித்து உட்கார வைத்தது. அவள் வாழ்க்கையில் ஒரு பூட்டு இருந்தது, அதற்குச் சாவி கிடையாது.

அவளுடைய தங்கச்சி தங்கமாரி, பத்தொன்பது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. யாரோடோ போய்விட்டாள் என்றது ஊர். ஆனால் ஊரில் எந்த இளவட்டமும் குறையவில்லை. கிணற்றைப் பார்க்கச் சொன்னார்கள். இறைத்துப் பார்த்தார்கள், ஒரு குடமும் ஒரு செருப்பும்தான் இருந்தன, செருப்பும் அவளுடையதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு போட்டோ கொடுத்தார்கள், அது அங்கேயே மங்கிப்போனது. அம்மா சாகிறவரைக்கும் ஒரு ஆளுக்குச் சேர்த்தே உலை வைத்தாள். இருபது வருஷமாகச் சண்முகக்கனிக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு பதில். போனது எங்கே என்பதுகூட இல்லை, ஏன் என்பது. அன்று காலையில் தான் ஏதாவது சொல்லிவிட்டோமா, அம்மா ஏதாவது சொன்னாளா, முந்தின நாள் முகம் எப்படி இருந்தது என்று அந்த ஒரு நாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்தது. அந்த நாளில் திருப்பிப் பார்க்க ஒரு படம் இல்லை, நகர்த்தி வைக்க ஒரு முள் இல்லை.

அந்த வீட்டின் மாடி ஜன்னலில் ஒரு பெண் நிற்பாள். முகம் தெரியாது. கீழே தோட்டத்தில் நடக்கும்போது பார்த்தால் அவள் ஜன்னலை விட்டு விலகிப் போவது மட்டும் தெரியும். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கதவு, அதுதான் கடைசிக் கதவு. அதன் சாவியைச் சண்முகக்கனி எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஒருதடவைகூடத் திறந்ததில்லை. படியேறிப் போய், சாவியைப் பூட்டில் பொருத்தி, அப்படியே விளையாட்டை மூடிவிட்டு, மறுநாள் மறுபடி முதல் கேட்டிலிருந்து ஆரம்பிப்பாள். திறந்துவிட்டால் விளையாட்டு முடிந்துபோகும். முடிந்த பிறகு மத்தியானத்துக்கு எங்கே போவது?

இப்போது அந்த வீடு பொட்டலில் நின்றது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஆடுகள் உள்ளே போய்ப் புல் மேய்ந்துவிட்டு வந்தன. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் ஆட்கள் போனார்கள். பனி தினமும் உச்சி வெயிலில் வந்தது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கலைந்தது. கோயில் பூசாரி வந்து, வீடு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று நெடுநேரம் பார்த்து, அது நிற்கிற ஆளுக்கு ஏற்றபடி முகம் மாற்றுகிறது என்று கண்டு, நான்கு பக்கமும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். சர்ச்சிலிருந்து வந்த சாமியார் வாசலில் நின்று ஒரு ஜெபம் சொன்னார், பிறகு உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார், என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடைச் சுடலைமணி கடையைப் பொட்டலுக்கு மாற்றினார். சித்திரை வெயிலில் முதல்முறையாக அந்த ஊர் ஜனம் சுக்குக் காப்பி கேட்டுக் குடித்தது. மப்ளர் விற்கிறவன் ஒருத்தன் திருப்பூரிலிருந்து வந்து மூட்டையைக் காலி செய்துவிட்டுப் போனான். வடகம் காயப்போடுகிறவர்கள் கிழக்குத் தெருவுக்கு மாறிக்கொண்டார்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள் பனிவீடு இறங்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பொட்டல் அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதே பலருக்கு மறந்துபோனது.

உள்ளே போனவர்கள் எல்லோரும் சண்முகக்கனியைப் போலவே ஆனார்கள். ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானசவுந்தரி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர், கடிகார அறையில் போய் உட்கார்ந்தவர் தினமும் அங்கேதான் இருந்தார். அந்த அறை நிறையக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி காட்டும். எல்லாவற்றையும் எந்த மணிக்கு வைத்தால் அறை திறக்கும் என்பதுதான் புதிர். டீச்சருடைய வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து, யாரையும் அடையாளம் தெரியாமல், டீச்சரைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்டுக்கொண்டே ஒரு வருஷம் கிடந்து போனவர். அங்கே என்னதான் டீச்சர் செய்றீங்க என்று சண்முகக்கனி கேட்டதற்கு, டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் கஷ்டப்பட்டா இது கொஞ்சம் அசைஞ்சு குடுக்குது, கனி. எனக்கு அது போதும்" என்றார்.

உள்ளே கிடைத்த எதையும் வெளியே கொண்டுவர முடியாது. சாவியோ பொம்மையோ கண்ணாடிக் குமிழோ, பனியைத் தாண்டினால் கையில் ஒரு வாய்த் தண்ணீராகிவிடும். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. கொண்டுவருவதற்காக யாரும் போகவில்லை. யாரோ ஒருவர் நமக்காக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார், நாம் தேடி வருவோம் என்று நம்பி ஒரு தடயத்தையும் விட்டுவைத்திருக்கிறார் என்ற நினைப்பே ஜனங்களுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சியைக் கொடுத்தது. புருஷனோடு பேச்சு நின்றவளும், மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்யாதவரும், நேர்ந்த காரியத்துக்குக் காரணம் தெரியாத எல்லோரும் அங்கே வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு பூட்டுகளின் முன்னால் நின்றார்கள்.

மாடி ஜன்னல் பெண்ணையும் எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கு மாடிக்காரி என்று பெயர் விழுந்தது. அந்த வீட்டில் செத்துப்போனவள் என்றார்கள், பாவம் என்றார்கள். பெண்கள் வெள்ளிக்கிழமை மாடிப்படியின் அடியில் ஒரு முழம் பூ வைத்தார்கள். பூ மறுநாள் இருக்காது. சண்முகக்கனியும் பார்த்தாள். கம்ப்யூட்டரில் இருந்தவரைக்கும் அது வெறும் நிழல். பொட்டலில் வீடு வந்த பிறகு அந்த நிழல் ஜன்னலை விட்டு விலகும்போது தலையை ஒருபக்கம் சாய்த்து, பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போனது. தங்கமாரி அப்படித்தான் செய்வாள். அன்று சண்முகக்கனி தோட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், சேலை முழுக்க ஈரம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் குருசாமி தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான், அவனிடம் போனில் பேசும்போதுகூடச் சொல்லவில்லை. செத்தவர்கள்தான் அந்த ஜன்னலில் நிற்பார்கள் என்று ஊர் சொன்னது. அப்படியென்றால் தங்கமாரி செத்துவிட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டுமென்றால் கதவைத் திறக்கக்கூடாது. அதனால் இன்னும் அதிகமாகப் போனாள், இன்னும் மெதுவாக நடந்தாள், ஒவ்வொரு நாளும் படியேறிக் கடைசிக் கதவுவரை போய்ச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டு இறங்கினாள்.

கஷ்டம் தீப்பெட்டி ஆபீசில் ஆரம்பித்தது. பனியின் ஈரம் குச்சியில் ஏறியது. சட்டத்தில் அடுக்கி மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காயவில்லை. பொட்டலுக்கு அடுத்த சுவர் அய்யாத்துரையின் ஆபீஸ். அவர் முதலில் கோபமாகத்தான் வீட்டுக்குள் போனார், இதை இடித்துத் தள்ளுகிறேன் பார் என்று. போனவர் இசைப்பெட்டி அறையில் மாட்டிக்கொண்டார். சின்ன வயதில் ஊரைவிட்டுப் போன ஒரு நாடகக் கம்பெனியின் பாட்டை அவர் காது ஞாபகம் வைத்திருந்தது, வரிசை வரவில்லை, தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் ஆக்கிவிட்டார். வெளியே வந்து, முக்குகிற வேலையை அதிகாலைக்கு மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார். மாற்றிப் பார்த்தார்கள். வடக்கே போன லோடு திரும்பி வந்தது, ஒரு பெட்டியைத் திறந்து உரசினால் நுனி நசநசவென்று கரைந்ததே தவிரப் பற்றவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வேலை என்றானது, பிறகு அதுவும் நின்றது. பெட்டி ஒட்டுகிற, குச்சி அடுக்குகிற பெண்கள் பொட்டலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் மத்தியானத்தில் வீட்டுக்குள்ளும் போனார்கள். ஆனால் வெளியே வந்தால் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது, உலையில் போட அரிசியில்லை.

அய்யாத்துரை ஒருநாள் காலையில் சென்டருக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. இது உன் மெஷினிலிருந்து வந்ததுதானே தாயி, நீதானே இதை ஆடிக்கொண்டிருந்தாய், இதற்கு ஒரு முடிவு இருக்குமில்லையா என்று கேட்டார். இருக்கு என்றாள். அது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றாள். தான் அந்த இசைப்பெட்டியை இன்னும் முடிக்கவில்லை என்றும், தனக்கும் அது போவதில் சம்மதமில்லை என்றும், ஆனால் நாற்பது வீட்டில் உலை கொதிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஞானசவுந்தரி டீச்சர் வந்தார். திறக்காதே கனி, எனக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. கடையைச் சாத்தாமலே உட்கார்ந்திருந்தாள். எதிரே பஸ் ஸ்டாண்டில், அடுத்த வீட்டுப் பேச்சித்தாய், பத்து வருஷம் குச்சி அடுக்கியவள், துணிப்பையோடு கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நின்றாள், மில்லில் வேலை இருக்கிறதாம். அவளுடைய சின்ன மகள் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாமல் பார்த்துக்கொண்டு நின்றது. போகிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம் எப்படி இருக்கும் என்று சண்முகக்கனிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று பனி இறங்கியதும் அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு போனாள். எந்த அறையிலும் நிற்கவில்லை. கடிகார அறையில் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். படியேறினாள். சாவியைப் போட்டாள். அவள் திருப்புவதற்கு முன்னால் பூட்டு தானாகத் திரும்பியது. உள்ளே இருந்து யாரோ இன்னொரு சாவியால் அதைத் திறந்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கையில் விளக்கோடு நின்றது பத்தொன்பது வயதுப் பெண்ணில்லை. நாற்பதைத் தொடப்போகிற ஒருத்தி. காதோரம் நரை, கழுத்தில் தாலிக்கயிறு, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருந்தாள், வெறுங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் விளக்கை ஒருவர் முகத்துக்கு ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ செத்துட்டியா?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

"இல்லக்கா. நீ?"

"நானும் இல்ல."

தங்கமாரி விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். கம்பம் டவுனில், அவள் குடியிருக்கிற தெருவுக்குப் பின்னால், திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் ஆறு மாதமாக மத்தியானத்தில் பனி இறங்குகிறது, அதில் இந்த வீடு நிற்கிறது. மேட்டோடு ஒட்டி நிற்பதால் அங்கே எல்லோரும் நேரே மாடிக்குள்தான் நுழைவார்கள். அவள் மகள் போனில் ஆடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டிலிருந்து வந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே தோட்டத்தில் ஒரு பெண் விளக்கோடு நடப்பாள்.

"உன்னையத்தான் எங்க ஊர்ல பேய்னு சொல்றாங்க. கீழ்வீட்டுக்காரின்னு பேரு. எலுமிச்சம்பழமெல்லாம் உருட்டி விட்டாங்க உனக்கு" என்றாள் தங்கமாரி. "நான் உன் நடையைப் பாத்துட்டேன். பாத்தன்னிக்கே தெரியும். நீ செத்துட்டன்னு நெனச்சுத்தான் கதவைத் திறக்காம இருந்தேன்."

இன்றைக்கு ஏன் திறந்தாய் என்று அக்கா கேட்டாள். மூன்று நாளாகக் கதவருகே வந்து நின்றால் வெளியே யாரோ மூச்சுவிடுவது கேட்டது, செத்தவர்களுக்கு எதற்கு மூச்சிரைக்கிறது என்று தோன்றியது என்றாள் தங்கச்சி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் தங்கமாரி கேட்டாள், "அம்மா?"

சண்முகக்கனி சொன்னாள். எப்போது, எப்படி, கடைசியில் என்ன கேட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் குறைக்கவில்லை. தங்கமாரி படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த அடியும் வசவும் சண்முகக்கனிக்குக் கையிலும் வாயிலும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, வேறு எதையும் கேட்காமல், அந்த ஒன்றை மட்டும் கேட்டாள்.

"ஏன் போன?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாம எப்படிடீ?"

"தையக்கடை பூட்டிக் கெடந்துச்சு. வெயிலுக்குப் பஸ் ஸ்டாண்டுல நின்னேன். ஒரு பஸ் வந்துச்சு, முழுசாக் காலி. ஜன்னலோர சீட்டுல உக்காந்து பாப்போம்னு தோணுச்சு. நம்ம போறப்ப எப்பவும் நீதான அதுல உக்காருவ. அடுத்த ஊர்ல எறங்கித் திரும்பிரலாம்னுதான் ஏறுனேன்."

"பயமா இல்லையா?"

"இல்லக்கா. நல்லா இருந்துச்சு. காத்து நல்லா அடிச்சுது. அடுத்த ஊரு வந்துச்சு, நான் எறங்கல. அதுக்கடுத்த ஊரும் வந்துச்சு." அவள் கீழே பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கே திரும்பியிருந்தா ரெண்டு அடியோட போயிருக்கும். மறுநாள் வந்திருந்தா என்னன்னு சொல்ல? பஸ்ல காத்து நல்லா இருந்துச்சுன்னா? ஒரு வாரம் ஆனப்புறம் அந்தக் காரணத்தைச் சொல்லிட்டு வர எனக்கு வெக்கமாப் போச்சு. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாப் போச்சு."

சண்முகக்கனி கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அந்த நாளின் ஒவ்வொரு இழையையும் பிரித்துப் பார்த்தவள், அதில் யாருடைய குற்றத்தையோ, யாருடைய பொய்யையோ, ஒரு காதலையாவது எதிர்பார்த்தவள். அங்கே ஒரு காலி பஸ் மட்டும் இருந்தது. முதலில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. தங்கமாரி தலையை ஒருபக்கம் சாய்த்துப் பின்னலைத் தள்ளிக்கொண்டாள், முடி பாதியாகியிருந்தது, பின்னல் எலிவால் மாதிரி. சண்முகக்கனி கையை நீட்டி அதை எடுத்துத் தோளுக்குப் பின்னால் சரியாகப் போட்டுவிட்டாள். என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று கேட்டாள்.

அதற்குள் வீடு இளைக்க ஆரம்பித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வேலாங்குளத்து மாடுகளும், இந்தப் பக்கம் திராட்சைப் பந்தல்களும் தெரிந்தன. தங்கமாரி அவசரமாகச் சொன்னாள். பழக் கொட்டகையில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தது, அங்கே ஒருத்தரைக் கட்டியது, தனக்கு யாருமே இல்லை, அநாதை ஆசிரமத்தில் வளர்ந்தவள் என்று சொல்லிக் கட்டியது, ஒரு மகள், பன்னிரண்டு வயது. அந்த ஒரு பொய்யின் மேல்தான் சமையல்கட்டு, கட்டில், மாமியார், எல்லாம் நிற்கிறது.

"நீ வந்துராதக்கா" என்றாள். "வந்தா நான் இத்தனை வருஷம் பேசினது எல்லாம் பொய்யாயிரும்."

காலடியில் படி கரைந்துகொண்டிருந்தது. "சரி" என்றாள் சண்முகக்கனி. இன்னும் ஏதோ கேட்க வேண்டும் என்று வாயெடுத்தபோது அவள் பொட்டலில் நின்றுகொண்டிருந்தாள், சுள்ளென்ற வெயிலில், கை நிறையத் தண்ணீரோடு. சுற்றிலும் ஊர் ஜனம், ஆளாளுக்கு அறையை இழந்து, நின்ற நின்ற இடத்தில் கண் கூச நின்றது. கொஞ்ச தூரத்தில் ஞானசவுந்தரி டீச்சர் கட்டாந்தரையில் உட்கார்ந்து, இல்லாத ஒரு கடிகாரத்து முள்ளை விரலால் பிடித்திருந்தார்.

பனி அதற்குப் பிறகு வரவில்லை. குச்சிகள் காய்ந்தன, உரசினால் பட்டென்று பற்றின, ஆபீஸ் சங்கு பழையபடி ஊதியது. பேச்சித்தாய் ஒரு மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அய்யாத்துரை வேலைக்கு நடுவில் ஏதோ ஒரு மெட்டைப் பாதிவரை முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுடலைமணி சுக்குக் காப்பியை விட்டுவிட்டு நன்னாரி சர்பத்துக்கு மாறினார், ஆனால் கடையை மட்டும் பொட்டலிலிருந்து எடுக்கவில்லை, ஏனென்றால் மத்தியானமானால் ஜனங்கள் குடையோடு அங்கே வந்து உட்காருவது நிற்கவில்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார்கள். ஞானசவுந்தரி டீச்சர் சண்முகக்கனியைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பென்ஷன் வேலைக்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தபோதுகூடப் பக்கத்து ஊருக்குப் போய் எடுத்து வந்தார். அது நியாயம்தான் என்று சண்முகக்கனிக்குத் தோன்றியது. சுவரோரத்து மெஷினை ஒருநாள் போட்டுப் பார்த்தாள். திரை முழுக்கப் பனி மட்டும் இருந்தது. நெடுநேரம் நடந்து பார்த்தாள், வாசல் கேட்டுகூட வரவில்லை.

கம்பம் பஸ் தினமும் எதிர்வரிசையில் வந்து நின்று போனது. காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். தெரு தெரியும், தோட்டத்தை ஒட்டிய மேடு தெரியும். கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அவள் கையிலிருக்கிற வேலை ஒரு நிமிஷம் நிற்கும், பஸ் போனதும் மறுபடி நடக்கும். சாவியில்லாமல் இருந்த காலத்தில் இவ்வளவு கஷ்டமாக இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. குருசாமி ஊருக்கு வந்திருந்தபோது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, நான் லோடு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் கேரளா போவேன், சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன் என்றாள்.

மறு வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வந்த கூட்டம் கலைந்து, கடை ஓய்ந்திருந்த மத்தியானத்தில், ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் வெயிலிலிருந்து வந்தார்கள். சிறுமி கையில் பாதி உரித்த நுங்கு. பெண் தலைக்கு மேலிருந்த, சண்முகக்கனி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"போட்டோ எடுக்கணும். பாஸ்போர்ட் சைஸ்" என்றாள் தங்கமாரி.

சண்முகக்கனி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்தாள்.

"யாருக்கும்மா? பாப்பாவுக்கா?"

"ஆமா."

சிறுமி தானாகவே பேசினாள். சங்கரன்கோவில் கோயிலுக்குப் போகிறார்களாம், வழியில் அம்மா சடாரென்று இறங்கச் சொல்லிவிட்டாளாம், கம்பத்தில் எத்தனை ஸ்டுடியோ இருக்கிறது, போட்டோ எடுக்க இவ்வளவு தூரமா என்று கேட்டால் பதிலே இல்லையாம். பேசிக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தாள். பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறி இறங்கியது. செத்துப்போன அம்மாவுக்கு அப்படித்தான் ஏறும். சண்முகக்கனி அவளை நீலத் துணியின் முன்னால் உட்காரவைத்தாள், முகத்தை ஈரத்துண்டால் துடைத்தாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள், கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள், காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நுங்கைத் துடைத்தாள். வழக்கமாக யாருக்கும் இவ்வளவு செய்வதில்லை. தங்கமாரி வாசலிலிருந்து ஒரு அடிகூட உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"இங்க பாரும்மா, அசையாத."

எடுத்தாள். சிறுமி கண்ணை மூடிவிட்டாள். மறுபடி எடுத்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனாலும் மறுபடி ஒன்று எடுத்தாள். பிரிண்டர் மெதுவாகத் தாளைத் தள்ளியது. வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தாள். வெளியே சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றது. தங்கமாரி மகளின் தோளில் கைவைத்தாள்.

"தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றாள் சிறுமி.

தங்கமாரி நின்றாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் மகளைத் திருப்பிக் கடையைப் பார்த்து நிற்க வைத்தாள். "ஆண்ட்டி என்ன ஆண்ட்டி. பெரியவங்களைப் பெரியம்மான்னு கூப்பிட்டுப் பழகு."

எந்தக் கடையிலும், எந்தப் பஸ்ஸிலும், வயதான எந்தப் பெண்ணையும் பார்த்து எந்த அம்மாவும் சொல்லிக்கொடுக்கிற வார்த்தைதான். சிறுமிக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"வர்றேன் பெரியம்மா" என்றாள்.

"வாம்மா" என்றாள் சண்முகக்கனி.